‘மாடல் மைனாரிட்டி’ என்ற பாராட்டுக்கு யார் விலை கொடுத்தார்கள்?

கேள்வி இது: “அமெரிக்காவில் இந்தியர்களும் மற்ற ஆசியர்களும் எல்லாரையும்விட அதிகம் படித்திருக்கிறார்கள், அதிகம் சம்பாதிக்கிறார்கள். அவர்களை ‘மாடல் மைனாரிட்டி’ (முன்மாதிரிச் சிறுபான்மையினர்) என்று சொல்வது பெருமைதானே? இதைப் போய் ஏன் குறை சொல்கிறார்கள்? அரசின் சமூகநலக் கொள்கைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?”

சம்பாதிக்கிறார்கள் என்பது உண்மை. ஏன் சம்பாதிக்கிறார்கள் என்பதற்குச் சொல்லப்படும் காரணத்தில்தான் கோளாறு. அந்தக் காரணத்தை நம்பி எடுக்கப்பட்ட முடிவுகளில் அடிபட்டவர்கள் இரண்டு தரப்பு. ஒன்று, கறுப்பின மக்கள். இன்னொன்று, அதே ‘ஆசியர்’ என்ற பெயருக்குள் இருக்கும் ஏழைகள்.

முதலில் எண்கள். பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி 2019-இல் ஆசியக் குடும்பங்களின் இடைநிலை ஆண்டு வருமானம் 85,800 டாலர். எல்லா அமெரிக்கக் குடும்பங்களையும் சேர்த்துப் பார்த்தால் 61,800. இந்தியக் குடும்பங்களை மட்டும் எடுத்தால் 1,19,000. வயதுவந்த இந்தியர்களில் நூற்றுக்கு 75 பேர் பட்டதாரிகள். நாடு முழுவதற்கும் அது 33 தான். இதைப் பார்த்ததும் எல்லார் வாயிலும் வருகிற விளக்கம் ஒன்று உண்டு: கல்விமேல் மரியாதை, கட்டுக்கோப்பான குடும்பம், கடும் உழைப்பு. தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழா மேடையிலும் இதைத்தான் சொல்வார்கள், குடியரசுக் கட்சியின் தேர்தல் மேடையிலும் இதைத்தான் சொல்வார்கள். இரண்டு இடத்திலும் கைதட்டல் கிடைக்கும்.

ஆனால் இந்தியாவில் 2011 கணக்கெடுப்பின்போது பத்தில் ஒருவர்கூடப் பட்டதாரி இல்லை. அதே மக்கள், அதே பண்பாடு. கடலைத் தாண்டியதும் பத்தில் ஏழெட்டுப் பேர் பட்டதாரி ஆகிவிடுவார்களா? இல்லை. பட்டதாரிகள்தான் கடலைத் தாண்டினார்கள்.

1960-இல் இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் வசித்தவர்கள் சுமார் 12,000 பேர் மட்டுமே. அதற்குமேல் இருக்கச் சட்டம் விடவில்லை. இந்தியர்கள் சட்டத்தின் பார்வையில் வெள்ளையர் அல்லர், எனவே குடியுரிமை பெற முடியாது என்று 1923-இல் பகத் சிங் திந்த் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1946-இல் சட்டத்தைத் தளர்த்தியபோது இந்தியர்களுக்கு ஒதுக்கியது ஆண்டுக்கு 100 இடம். சீனத் தொழிலாளர்களுக்கு 1882-இல் போட்ட தடையை 1943-இல்தான் எடுத்தார்கள். எடுத்துவிட்டுக் கொடுத்தது ஆண்டுக்கு 105 இடம். 1965 அக்டோபரில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம்தான் இந்தக் கணக்கை மாற்றியது. நாட்டுவாரி ஒதுக்கீடு போய், குடும்ப உறவுக்கும் தொழில் தகுதிக்கும் முன்னுரிமை வந்தது. அங்கே உறவினரே இல்லாத இந்தியருக்கு முதல் வழி உறவு இல்லை. தொழில் தகுதி ஒன்றுதான். அதே ஆண்டு முதியோருக்கான மெடிகேர் காப்பீடும் சட்டமாகி, மருத்துவமனைகளுக்கு டாக்டர்கள் வேண்டியிருந்தது. ஆக, ஆரம்பத்தில் போனவர்கள் டாக்டர்கள், என்ஜினீயர்கள், விஞ்ஞானிகள். அவர்கள் காலூன்றிய பிறகு அண்ணன் தம்பியை அழைத்துக்கொண்டார்கள்.

ஆட்களைச் சல்லடை போட்டுச் சலிப்பதில், விசா கொடுத்த அமெரிக்கத் தூதரகம் செய்தது மூன்றாவது முறை. அதற்கு முன்பே இந்தியாவில் இரண்டு முறை சலித்தாகிவிட்டது: யார் பள்ளிக்கூடம் போக முடிந்தது என்பதில் சாதியும் நகரமும் ஒருமுறை, ஐஐடி, மருத்துவக் கல்லூரி நுழைவில் இன்னொருமுறை. தமிழ்நாட்டிலிருந்து அறுபதுகளிலும் எழுபதுகளிலும் போனவர்களில் பிராமணர்கள் தங்கள் மக்கள்தொகைக்குச் சற்றும் பொருந்தாத அளவில் இருந்தார்கள். தொண்ணூறுகளுக்குப் பிறகு அந்த முகம் மாறியது. எண்பதுகளின் நடுவில் தொடங்கிப் பெருகிய சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள், 69 விழுக்காடு இடஒதுக்கீடு, 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் தேதியில் தடுமாறாமல் திருத்தும் ‘ஒய்2கே’ வேலைகள் எல்லாம் சேர்ந்து தர்மபுரியிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளை டெக்ஸாஸுக்கும் நியூ ஜெர்சிக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது, இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. ‘அரசின் தயவில்லாமல் முன்னேறியவர்கள்’ என்பதுதான் மாடல் மைனாரிட்டிக் கதையின் உயிர்நாடி. கிண்டி பொறியியல் கல்லூரியிலோ ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலோ படித்துவிட்டுப் போனவருடைய படிப்புக்குப் பெரும் பங்கு பணம் கட்டியது யார்? இந்திய வரிசெலுத்துவோர். சத்துணவு, அரசுப் பள்ளி, உதவித்தொகை, இடஒதுக்கீடு என்று ஒரு மாநிலத்தின் சமூகநலக் கொள்கை முழுவதும் உருவாக்கிய ஆளை, அமெரிக்கா ஒரு காசு செலவழிக்காமல் 25 வயதில் வாங்கிக்கொண்டது. பிறகு அவரையே காட்டி ‘பாருங்கள், சமூகநலக் கொள்கை தேவையே இல்லை’ என்றது.

பண்பாடுதான் காரணம் என்று இன்னும் நம்புகிறவர்கள் மலேசியாவைப் பார்க்கலாம். பிரிட்டிஷ் காலத்தில் மலாயாவுக்கு இரண்டு விதமான தமிழர்கள் போனார்கள். தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் மூலம் ரப்பர் தோட்டத்துக்குக் கூட்டிப்போகப்பட்டவர்கள் ஒருவகை. யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்து, ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் குமாஸ்தா வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள் இன்னொரு வகை. இரண்டு தரப்புக்கும் தமிழ்தான், பெரும்பாலோருக்கு முருகன்தான். யாழ்ப்பாணத்தார் பிள்ளைகள் டாக்டர்களும் வக்கீல்களும் ஆனார்கள். தோட்டத்தார் பிள்ளைகள், தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனபோது, நகர ஓரத்துப் புறம்போக்குக் குடிசைகளில் வந்து விழுந்தார்கள். 2007 நவம்பரில் கோலாலம்பூர் தெருக்களில், மலேசிய இந்தியர்களின் உரிமைக்காகக் கிளம்பிய ஹிண்ட்ராஃப் அமைப்பின் பேரணியில் வெடித்தது அந்தக் கோபம்தான். தமிழ்ப் பண்பாட்டில் முன்னேற்றத்துக்கான மந்திரம் இருந்தால், அது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் மட்டும் வேலை செய்யாமல் போனது ஏன்?

சரி, அமெரிக்காவுக்குத் திரும்புவோம். இந்தப் பாராட்டு எப்போது பிறந்தது என்பதைப் பார்த்தாலே அதன் நோக்கம் தெரியும். 1966 ஜனவரி 9 அன்று நியூயார்க் டைம்ஸ் வார இதழில் வில்லியம் பீட்டர்சன் என்ற சமூகவியலாளர் ஜப்பானிய அமெரிக்கர்களின் வெற்றிக் கதையை எழுதினார். நல்ல குடிமக்கள் என்று எந்த அளவுகோலை வைத்துப் பார்த்தாலும் அவர்கள் வெள்ளையர்களையும் மிஞ்சியவர்கள், அதுவும் கிட்டத்தட்ட யார் உதவியும் இல்லாமல், என்பது அவர் வாதம். இதே ஜப்பானியர்களைத்தான் 24 ஆண்டுகளுக்கு முன், 1942 பிப்ரவரியில் ரூஸ்வெல்ட் போட்ட ஆணையின்படி, பாலைவன முகாம்களில் அடைத்தார்கள். சுமார் 1,20,000 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். வயலையும் கடையையும் வந்த விலைக்கு விற்றுவிட்டுப் போனார்கள். பீட்டர்சன் இதை மறைக்கவில்லை, அதையே சான்றாக்கினார். இவ்வளவு கொடுமைக்குப் பிறகும் இவர்கள் எழுந்துவிட்டார்களே, ‘பிரச்சினைக்குரிய சிறுபான்மையினர்’ மட்டும் ஏன் எழவில்லை என்பது அவர் எழுப்பிய கேள்வி. பிரச்சினைக்குரியவர்கள் யாரென்று 1966-இல் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 26 தேதியிட்ட யூ.எஸ். நியூஸ் அண்ட் வேர்ல்ட் ரிப்போர்ட் இன்னும் பச்சையாகச் சொன்னது. நீக்ரோக்களையும் பிற சிறுபான்மையினரையும் தூக்கிவிடப் பல நூறு பில்லியன் டாலர் செலவழிக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில், மூன்று லட்சம் சீன அமெரிக்கர்கள் யார் தயவும் இன்றித் தாங்களாகவே முன்னேறிக்கொண்டிருக்கிறார்கள் என்று எழுதியது. காலத்தைக் கவனியுங்கள். 1964-இல் இனப் பாகுபாட்டைத் தடை செய்த குடிமை உரிமைகள் சட்டம். 1965-இல் வாக்குரிமைச் சட்டம். அந்த ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் வாட்ஸ் பகுதியில் கலவரம். கறுப்பினக் குடும்ப அமைப்பே வறுமைக்குக் காரணம் என்ற தொனியில் அரசு அதிகாரி மொய்னிஹன் எழுதிய அறிக்கை. வறுமை ஒழிப்புக்கு அரசு பணம் ஒதுக்கத் தொடங்கியிருந்தது. அந்தக் கட்டுரைகள் சீனரைப் பாராட்ட எழுதப்பட்டவை என்று எனக்குத் தோன்றவில்லை. கறுப்பினத்தவருக்குப் பணம் கொடுக்காதே என்று வெள்ளை வாசகரிடம் சொல்வதற்கு ஒரு நல்ல பிள்ளை தேவைப்பட்டது, சீனர் கிடைத்தார்.

அந்த ‘நல்ல பிள்ளையின்’ வீட்டு நிலைமை என்ன? சான் பிரான்சிஸ்கோ சைனாடவுனில் அப்போது ஒண்டுக்குடித்தன நெரிசல், காசநோய், அடிமாட்டுக் கூலிக்குத் துணி தைக்கும் பட்டறைகள். அந்நகரப் பள்ளிகளில் ஆங்கிலம் புரியாமல் உட்கார்ந்திருந்த சீனப் பிள்ளைகளில் சுமார் 1,800 பேருக்கு எந்தத் தனி உதவியும் தரப்படவில்லை. பெற்றோர்கள் வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1974-இல் லாவ் எதிர் நிக்கல்ஸ் வழக்கில் நீதிபதிகள் ஒருமனதாகப் பிள்ளைகள் பக்கம் நின்றார்கள். அதே புத்தகம், அதே ஆசிரியர் என்று கொடுத்துவிட்டால் மட்டும் சமத்துவம் ஆகிவிடாது என்றார்கள். யார் தயவும் வேண்டாதவர்கள் என்று அச்சடித்து எட்டே ஆண்டு. அந்த வழக்கு நின்றதே 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின் மேல். கறுப்பின மக்கள் தடியடியும் சிறையும் பட்டு வாங்கிய சட்டம் அது. 1965 குடியேற்றச் சட்டம் நிறைவேறியதும் அந்தப் போராட்டம் உருவாக்கிய சூழலில்தான். நம்மவர்கள் சிலர் அமெரிக்காவில் கறுப்பினத்தவரைப் பற்றி வீட்டு வரவேற்பறையில் பேசுவதைக் கேட்கும்போது இது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

இனி கொள்கைப் பக்கம். இந்தப் படிமம் வேலை செய்யும் விதம் மிகச் சாதாரணமானது: ஒரு படிவத்தில் ஒரே கட்டம். 1977-இல் அமெரிக்க மத்திய அரசின் பட்ஜெட் அலுவலகம் இனப் பிரிவுகளை வகுத்தபோது ‘ஆசியர் அல்லது பசிபிக் தீவினர்’ என்று ஒரே கட்டம் போட்டது. பசிபிக் தீவினரைத் தனியாகப் பிரித்தது 1997-இல். அந்த ஒரே கட்டத்துக்குள் சிலிக்கான் பள்ளத்தாக்கில் பங்குப் பத்திரங்களோடு இருக்கும் என்ஜினீயரும், லாவோஸ் மலையிலிருந்து உயிர் தப்பி வந்த ஹ்மாங் விவசாயியும், கெமர் ரூஜ் ஆட்சியின் கொலைக்களத்திலிருந்து வந்த கம்போடியரும் இருந்தார்கள். ஹ்மாங் மக்கள் லாவோஸில் அமெரிக்க உளவுத்துறைக்காக ரகசியப் போரில் சண்டையிட்டவர்கள். 1975-க்குப் பிறகு அகதிகளாக வந்து மினசோட்டாவிலும் கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவிலும் குடியேறினார்கள். 1990 கணக்கெடுப்பில் அவர்களில் பத்தில் ஆறு பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழே. சராசரி எடுத்தபோது என்ஜினீயர் அவர்களை மூடி மறைத்துவிட்டார்.

2019-இலும் பெரிதாக மாறவில்லை. ஆசியர் வறுமை 10 விழுக்காடு என்பது சராசரி. இந்தியரிடையே 6, பர்மியரிடையே 25. பியூ மையத்தின் இன்னொரு கணக்கு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. 1970-இல் ஆசியர்களில் மேல்தட்டுப் பத்து விழுக்காட்டினரின் வருமானம் கீழ்த்தட்டுப் பத்து விழுக்காட்டினரின் வருமானத்தைப்போல 6.1 மடங்கு. 2016-இல் 10.7 மடங்கு. அமெரிக்காவின் எந்த இனப் பிரிவுக்குள்ளும் இவ்வளவு இடைவெளி கிடையாது. ‘சராசரி ஆசியர்’ என்று ஓர் ஆள் இல்லவே இல்லை.

உடல்நலத்தில் இந்தச் சராசரி ஆளையே கொல்லும். 1988 முதல் 1992 வரையிலான புற்றுநோய்ப் பதிவேடுகளை நாட்டுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, வியட்நாமியப் பெண்களிடையே கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய் லட்சத்துக்கு 43 என்று தெரிந்தது. எந்தப் பிரிவிலும் இல்லாத அளவு. வெள்ளைப் பெண்களைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. எல்லா ஆசியப் பெண்களையும் ஒன்றாகச் சேர்த்தால் இது கண்ணிலேயே படாது. தெரிந்த பிறகுதான் கலிபோர்னியாவில் வியட்நாமிய மொழியிலேயே பேசி, இந்தப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பாப் பரிசோதனைக்கு அழைக்கும் திட்டங்கள் வந்தன.

நமக்கு நெருக்கமான உதாரணம் சர்க்கரை நோய். தெற்காசியருக்கு ஒல்லியாக இருக்கும்போதே சர்க்கரை வந்துவிடும் என்பது நம் ஊர்த் தெருவுக்குத் தெரியும். அமெரிக்காவில் உடல்நிறைக் குறியீடு 25-ஐத் தாண்டினால்தான் பரிசோதனை என்று வைத்திருந்தார்கள். ஆசிய அமெரிக்கருக்கு அதை 23 ஆகக் குறைக்கும்படி அமெரிக்க நீரிழிவுச் சங்கம் பரிந்துரைத்தது 2015-இல்தான். அதுவரை ‘எடை சரியாக இருக்கிறது’ என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேரோ. ஆராய்ச்சி நடந்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். ஆனால் 1992 முதல் 2018 வரை அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் மொத்த பட்ஜெட்டில் ஆசியர், ஹவாய், பசிபிக் தீவினர் பற்றிய மருத்துவ ஆய்வுகளுக்குப் போனது 0.17 விழுக்காடு. நன்றாக இருப்பவர்களை யார் ஆராய்வார்கள்?

கோவிட் காலத்தில் ஒரு கணக்கு வந்தது. அமெரிக்க நர்சுகளில் பிலிப்பினோக்கள் சுமார் 4 விழுக்காடு. 2020 செப்டம்பர் வரை கோவிட்டில் இறந்த நர்சுகளில் அவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்று நர்சுகள் சங்கமே எண்ணிச் சொன்னது. அதிகம் படித்த, நல்ல வேலையில் இருக்கிற ‘மாடல்’ பிரிவுதான் அதுவும். தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை ஓரத்து வேலை யாருக்குக் கிடைக்கிறது என்பதை வருமானப் பட்டியல் காட்டாது.

மனநலம் இன்னும் மோசம். 2002–03-இல் நடந்த தேசிய அளவிலான ஆய்வில், ஓராண்டில் மனநல உதவியை நாடிய ஆசிய அமெரிக்கர்கள் 8.6 விழுக்காடு, பொதுமக்களில் 17.9. பூடானிலிருந்து விரட்டப்பட்டு, நேபாள முகாம்களில் இருபது வருடம் கிடந்து, 2008-க்குப் பிறகு அமெரிக்காவில் குடியமர்த்தப்பட்ட நேபாளி பேசும் அகதிகளிடையே தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 20.3 என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் ஆய்வில் கண்டது. நாட்டின் விகிதம் 12.4. இவர்களும் தெற்காசியர்கள்தான். இந்தியர் என்றே வெளியில் பலர் நினைப்பார்கள்.

1996-இல் கிளிண்டன் கையெழுத்திட்ட நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம், குடியுரிமை பெறாத பலருக்கு முதியோர், ஊனமுற்றோர் உதவித்தொகையையும் உணவுப் பொருள் வாங்க அரசு தரும் வில்லைகளையும் வெட்டியது. எழுத்தறிவில்லாத, ஆங்கிலத் தேர்வு எழுதிக் குடியுரிமை வாங்க வழியில்லாத தென்கிழக்கு ஆசிய முதியவர்கள் அதில் கடுமையாக மாட்டினார்கள். அடுத்த வருடமே ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. சட்டம் எழுதியவர்கள் மனதில் ‘ஆசியர் என்றால் உதவி கேட்காதவர்’ என்ற படம் இருந்ததா என்று நிரூபிக்க முடியாது. அந்த முதியவர்கள் யார் மனதிலும் இருக்கவில்லை என்பதை மட்டும் சொல்லலாம்.

இந்த இடத்தில் நம்மவர்கள் செய்த வேடிக்கை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 1970 கணக்கெடுப்பில் இந்தியர்களை வெள்ளையராகவே எண்ணினார்கள். எழுபதுகளில் இந்தியர் அமைப்பு ஒன்று, எங்களைத் தனிச் சிறுபான்மையாகப் பதிவு செய்யுங்கள் என்று கேட்டது. சிகாகோவில் இருந்த மற்றோர் அமைப்பு, வேண்டாம், நாம் நன்றாகத்தானே இருக்கிறோம், சலுகை கேட்டால் மற்றவர்களின் வெறுப்புக்கு ஆளாவோம் என்று எதிர்த்தது. முதல் தரப்பு வென்று, 1980 கணக்கெடுப்பில் ‘ஆசிய இந்தியர்’ கட்டம் வந்தது. 1982-இல் அரசின் சிறுதொழில் நிர்வாகம், இந்தியர்களைச் ‘சமூக ரீதியில் பின்தங்கியவர்’ பட்டியலில் சேர்த்து, அரசு ஒப்பந்தங்களில் முன்னுரிமை பெறத் தகுதி கொடுத்தது. மேடையில் ‘யார் தயவும் இல்லை’, விண்ணப்பத்தில் ‘பின்தங்கியவர்’. இதற்காக அவர்களை நான் திட்ட மாட்டேன்; பாகுபாடு உண்மையாகவே இருந்தது. ஆனால் ஒரே கட்டம் போட்டால், அதற்குள் வசதி உள்ளவர்தான் சலுகையை முதலில் எடுத்துக்கொள்வார். உள் ஒதுக்கீடு பற்றித் தமிழ்நாட்டில் இத்தனை காலம் விவாதித்த நமக்கு இது புதிதல்ல.

கல்லூரிச் சேர்க்கை வழக்கு எல்லாருக்கும் தெரிந்தது. 2023 ஜூன் 29 அன்று, ஆசிய மாணவர்களுக்கு அநீதி என்று தொடுக்கப்பட்ட ஹார்வர்டு பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை நிறுத்தியது. ஆசிய மாணவர்களுக்குப் ‘பழகும் குணம்’ போன்றவற்றுக்கான மதிப்பெண் தொடர்ந்து குறைவாகப் போடப்பட்டது அந்த வழக்கில் வெளிவந்தது. என் பார்வையில் அது அசிங்கமான பாகுபாடு, அதை மழுப்புவதில் அர்த்தமில்லை. படிக்கும் இயந்திரம், ஆளுமை இல்லாதவன் என்பது மாடல் மைனாரிட்டிப் படிமத்தின் பின்பக்கம். ஆனால் வழக்கை நடத்திய எட்வர்டு பிளம், அதற்கு முன் ஒரு வெள்ளை மாணவியை வைத்து டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக இதே வாதத்தை முயன்று தோற்றவர். 1966-இல் பத்திரிகைக்குத் தேவைப்பட்ட நல்ல பிள்ளை, இம்முறை நீதிமன்றத்துக்குத் தேவைப்பட்டார். தீர்ப்புக்குப் பின் வந்த முதல் சேர்க்கையில் ஹார்வர்டில் ஆசியர் பங்கு 37 விழுக்காட்டிலேயே நின்றது. கறுப்பினத்தவர் 18-லிருந்து 14 ஆனார்கள். எம்ஐடியில் ஆசியர் 47-க்கு ஏறினார்கள். முந்தைய ஆண்டுகளில் 13 அளவில் இருந்த கறுப்பினத்தவர் 5-க்கு இறங்கினார்கள். ஆளுமை மதிப்பெண்ணைச் சரிசெய்ய வேறு வழி இருந்தது. கேட்டது அது இல்லை.

பண்பாட்டுக்குப் பங்கே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அதுவும் பணத்தோடு கலந்துதான் வருகிறது. நியூயார்க்கின் ஸ்டைவெசன்ட் போன்ற நுழைவுத்தேர்வுப் பள்ளிகளில் சேரும் சீனப் பிள்ளைகளில் நிறையப் பேர் ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவர்களின் பிள்ளைகள். அவர்களுக்கு உதவியது கன்ஃபூசியஸ் மட்டும் இல்லை. படித்த சீனர்களும் அதே பேட்டைக்கு வந்ததால் அங்கே டியூஷன் மையங்கள் முளைத்தன, எந்தத் தேர்வை எப்போது எழுத வேண்டும் என்ற தகவல் சீனப் பத்திரிகையில் வந்தது. மேலே இருப்பவர் கொண்டுவந்த வசதி கீழே இருப்பவருக்கும் கசிந்தது. ஹ்மாங் சமூகத்தில் கசிவதற்கு மேலே யாரும் இல்லை.

பாராட்டு எவ்வளவு நாள் தாங்கும் என்பதற்கும் வரலாறு இருக்கிறது. 1982-இல் டெட்ராய்ட் அருகே வின்சென்ட் சின் என்ற சீன அமெரிக்கரை, கார் ஆலை வேலைகளைப் பறிக்கும் ஜப்பானியர்மேல் இருந்த கோபத்தில் இரண்டு வெள்ளையர்கள் பேஸ்பால் மட்டையால் அடித்தே கொன்றார்கள். கிடைத்த தண்டனை மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 3,000 டாலர் அபராதமும். 2024 டிசம்பர் 26 அன்று, யூ.எஸ். நியூஸ் கட்டுரை வந்து சரியாக 58 ஆண்டு கழித்து, தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த, குடியரசுக் கட்சி அரசியல்வாதியான விவேக் ராமசாமி, அமெரிக்கப் பண்பாடு கணக்குப் போட்டியில் வெல்பவனைவிட அழகுராணியைக் கொண்டாடுகிறது, அதனால்தான் நிறுவனங்கள் வெளிநாட்டு என்ஜினீயர்களைத் தேடுகின்றன என்று எழுதினார். அதே பழைய பண்பாட்டு வாதம்தான். கறுப்பினத்தவரை நோக்கிச் சொல்லும்வரை கைதட்டிய கூட்டம், வெள்ளையரை நோக்கித் திருப்பியதும் அவரைக் கிழித்தெடுத்தது. அடுத்த செப்டம்பரில் வெளிநாட்டு நிபுணர்களுக்கான ஹெச்-1பி வேலை விசாவின் புதிய விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று டிரம்ப் அறிவித்தார்.

சாதி விஷயத்திலும் இந்தப் பெயர் ஒரு திரையாகப் பயன்பட்டது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை, இருக்கும் சட்டமே போதும் என்று ஆளுநர் நியூசம் அக்டோபரில் திருப்பி அனுப்பினார். எதிர்த்தவர்களின் முக்கிய வாதம், இது ஒரு நல்ல சமூகத்தைக் களங்கப்படுத்துகிறது என்பதுதான். சமூகம் நல்லதென்றால் அதற்குள் பாதிக்கப்பட்டவர் இருக்க முடியாது போலும்.

என்ன செய்யலாம் என்றால், பலரும் முதலில் கேட்பது தரவைப் பிரித்துத் தருவதைத்தான். அதுவும் சுலபமாக நடக்கவில்லை. 2016-இல் கலிபோர்னியாவில் அதற்கான மசோதா வந்தபோது கடுமையாக எதிர்த்தவர்கள் சீன அமெரிக்கப் பெற்றோர்கள். பிள்ளைகளைப் பிரித்து எண்ணினால் கல்லூரிச் சேர்க்கையில் தங்களுக்கு எதிராகத் திரும்பும் என்ற பயம். கடைசியில் கல்வி பற்றிய பகுதியை எடுத்துவிட்டு, சுகாதாரத் துறைக்கு மட்டும் சட்டமானது. 2024 மார்ச்சில் மத்திய பட்ஜெட் அலுவலகம் தன் விதிகளைத் திருத்தி, சீனர், ஆசிய இந்தியர், பிலிப்பினோ, வியட்நாமியர், கொரியர், ஜப்பானியர் என்று பிரித்துக் கேட்பதைப் பொதுவிதியாக்கியது. துறைகள் மாறுவதற்கு ஐந்தாண்டு அவகாசம் தந்தது.

இது முன்னேற்றம்தான். ஆனால் ஹ்மாங், பர்மியர், பூடானியர் எல்லாரும் அந்தப் படிவத்தில் ‘மற்றவை’ என்ற கோட்டில்தான் கையால் எழுத வேண்டும். ‘ஆசிய இந்தியர்’ கட்டமும் ஒரே மாதிரி ஆட்களால் நிரம்பியதில்லை. 2021-இல் அமெரிக்காவில் ஆவணமின்றி இருந்த இந்தியர் சுமார் 7,25,000 பேர் என்று பியூ மதிப்பிட்டது. மெக்ஸிகோ, எல் சல்வடார் நாட்டினருக்கு அடுத்த இடம். முறையாக வந்தவர்களிலும் லட்சக்கணக்கானோர் நாட்டுக்கு 7 விழுக்காடு என்ற உச்சவரம்பால் கிரீன் கார்டு வரிசையில் பத்து, இருபது ஆண்டுகளாக நிற்கிறார்கள். வேலை போனால் 60 நாளில் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும் என்பதால் முதலாளியை எதிர்த்துப் பேச முடியாத இந்த என்ஜினீயரும், பதிவே இல்லாமல் பெட்ரோல் பங்கில் இரவு வேலை பார்ப்பவரும், மூன்று மருத்துவமனைகளில் பங்கு வைத்திருக்கும் டாக்டரும் ஒரே கட்டத்தில்தான் டிக் அடிப்பார்கள். விசா நிலையையும் வருமானத்தையும் சேர்த்துக் கேட்காதவரை, 1,19,000 டாலர் என்ற அந்த எண் மூன்று பேருக்கும் சேர்த்தே பேசும்.